படைவீரனுக்காகப் பிறந்த இசை, பெண்ணுக்கு வந்துசேர்ந்த கதை

2017 ஆகஸ்ட் 14 அன்று, தென்கொரியத் தலைநகர் சியோலில், தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் மேடையேறிப் பாடினார். அவர் பெயர் கில் வொன்-ஒக். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படை நடத்திய பாலியல் அடிமை முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்ட கொரியச் சிறுமிகளில் ஒருவர். 1940இல் அவரைக் கொண்டுபோனபோது அவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான் இருக்கும். பாடகியாக வேண்டும் என்பது அவருடைய சின்ன வயது ஆசை. அது நிறைவேறியது அந்த 2017இல்தான். ‘கில் வொன்-ஒக்கின் அமைதி’ என்ற பெயரில் அவர் குரலில் ஓர் இசைத்தொகுப்பு வெளியானது. 2025 பிப்ரவரியில் அவர் காலமானார்.

அந்தக் குரல் ஒரு மேடைக்கு வந்துசேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இது தனி ஒருவரின் விதி அல்ல. போரில் காயம்பட்டவர்களுக்கு இசை மருந்தாகும் என்று மருத்துவமனைகள் கண்டுகொண்டு நூறாண்டு கடந்துவிட்டது. ஆனால் அந்த மருந்து முதலில் போய்ச் சேர்ந்தது ஆண்களிடம், படைவீரர்களிடம். அதே போரில் வன்புணர்வுக்கு ஆளான பெண்ணைக் காயம்பட்டவளாக மருத்துவமும் சட்டமும் எண்ணத் தொடங்கவே 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரவேண்டியிருந்தது.

முதல் உலகப் போரில், குண்டுச் சத்தத்தின் நடுவே மாதக்கணக்கில் பதுங்குகுழியில் கிடந்த வீரர்கள் பேச்சிழந்தும் பார்வையிழந்தும் கைகால் நடுங்கியும் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். உடலில் காயம் இருக்காது. 1915இல் ‘லான்செட்’ இதழில் இந்த நிலையைப் பற்றி எழுதி, ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரை அச்சில் ஏற்றியவர் சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய உளவியலாளர். இவருக்கு இன்னொரு முகமும் உண்டு. 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழுவில் இருந்து, தீவு மக்களின் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிவு செய்தவர் இவர். இலங்கையின் வேடர்களைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் வேடர் இசையைப் பற்றிய அத்தியாயத்தை எழுதியதும் இவர்தான். இசையையும் போர் அதிர்ச்சியையும் இவ்வளவு நெருக்கமாக அறிந்தவர் அந்தக் காலத்தில் வேறு எவரும் இருந்திருப்பது அரிது. அப்படிப்பட்டவரும் தம் நோயாளிகளிடம் முயன்று பார்த்தது மனவசிய முறையை.

இசையைப் படுக்கையருகே கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் பெண்கள். கனடாப் படைவீரர்களுக்கு வாசித்து அனுபவம் பெற்ற பியானோ கலைஞர் மார்கரெட் ஆண்டர்டன், 1919இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இசைச் சிகிச்சையைப் பாடமாகவே நடத்தினார். செவிலியரான ஐசா மாட் இல்சன் 1926இல் மருத்துவமனை இசைக்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அமெரிக்கப் படை மருத்துவமனைகள் காயம்பட்டவர்களால் நிரம்பி வழிந்தன; நல்லெண்ணத்தோடு வந்து வாசித்துவிட்டுப் போகும் தன்னார்வலர்கள் போதாது, பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்று மருத்துவர்கள் கேட்டார்கள். மிச்சிகன் மாநிலக் கல்லூரி 1944இல் இதற்கென்று பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1950இல் தேசிய இசைச் சிகிச்சைச் சங்கம் உருவானது. இசைச் சிகிச்சை ஒரு தொழிலாயிற்று.

வாசித்தவள் பெண், படுக்கையில் கிடந்தவன் ஆண். அதே ஆண்டுகளில் போரால் சிதைக்கப்பட்ட பெண்களுக்கு எந்தப் படுக்கையும் ஒதுக்கப்படவில்லை. 1945இல் பெர்லினில் நடந்த வன்புணர்வுகளை நாட்குறிப்பாக எழுதிய ஒரு பெண், அது 1959இல் ஜெர்மன் மொழியில் வந்தபோது ஜெர்மன் பெண்களின் மானத்தைக் கெடுத்தவளாக ஏசப்பட்டார். தாம் உயிரோடிருக்கும்வரை மறுபதிப்பே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். 1971 போருக்குப் பின் வங்கதேச அரசு, வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்கு ‘பீராங்கனா’ என்று பட்டம் கொடுத்துப் போற்றியது. ஆனால் அவர்களில் பலரை வீடு ஏற்கவில்லை, ஊர் ஏற்கவில்லை.

மருத்துவத்தின் பார்வை மெல்லத்தான் மாறியது. 1974இல் ஆன் பர்கெஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற இருவர், பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் பேசி, வன்புணர்வுக்குப் பின் வரும் அதிர்ச்சியை ஒரு நோய்க்குறித் தொகுப்பாக விவரித்தார்கள். திடுக்கிட்டு விழிப்பது, கெட்ட கனவு என அவர்கள் கண்டவற்றில் பல வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களிடமும் இருந்தன. வீரர்களின் போராட்டத்தால் 1980இல் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடி’ அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பிடித்தது. 1992இல் ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் தம் நூலில் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். போர்க்களத்திலிருந்து வந்தவனும் வன்புணர்விலிருந்து மீண்டவளும் சுமப்பது ஒரே காயம் என்பது அவர் வாதம்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் கிம் ஹக்-சுன் என்ற கொரியப் பெண்மணி தம் பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டி, ஜப்பானியப் படை தமக்குச் செய்ததைப் பகிரங்கமாகப் பேசினார். அந்த நாள் 1991 ஆகஸ்ட் 14. கில் வொன்-ஒக் மேடையேறியதும் அதே தேதியில்தான்.

1992இல் பொஸ்னியாவில் போர் மூண்டது. அங்கே வன்புணர்வுக்கு ஆளான பெண்கள் 20,000 முதல் 50,000 வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1993இல், மோனிகா ஹவுசர் என்ற இளம் மகப்பேறு மருத்துவர் ஜெர்மனியிலிருந்து வந்து, பொஸ்னியப் பெண்களோடு சேர்ந்து சேனிட்சா நகரில் ‘மெடிக்கா’ என்ற பெண்கள் மையத்தைத் தொடங்கினார். மருத்துவம், மனநல உதவி, தங்குமிடம் மூன்றும் ஒரே கூரையின் கீழ். சட்டமும் விழித்தது. 1998இல் ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம், அகாயேசு என்பவர் மீதான வழக்கில், வன்புணர்வு இனப்படுகொலையின் கருவியாக இருக்க முடியும் என்று தீர்ப்பளித்தது. 2001 பிப்ரவரியில், ஃபோச்சா நகரில் பெண்களை அடைத்துவைத்திருந்த மூவரை முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்காகத் தண்டித்தது.

இசைச் சிகிச்சையும் பொஸ்னியாவுக்கு வந்தது. 1997 டிசம்பரில், குண்டுவீச்சில் சிதைந்த ஒரு பள்ளிக்கூடம் இருந்த இடத்தில், கிழக்கு மோஸ்தாரில் பவரோட்டி இசை மையம் திறக்கப்பட்டது. இத்தாலியப் பாடகர் லூசியானோ பவரோட்டி நண்பர்களோடு நடத்திய கச்சேரிகளில் திரண்ட பணம் அதற்கு உதவியது. முற்றுகையின் நடுவே சரயேவோவுக்குப் போய்க் குழந்தைகளோடு இசை செய்த நைஜல் ஆஸ்போர்ன் என்ற இசையமைப்பாளரும் இதன் பின்னால் இருந்தார். அங்கே இசைச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவே இருந்தது. ஆனால் அதற்கு வந்தவர்களும் பெரும்பாலும் குழந்தைகள்தான். தாய்மார் இம்முறையும் வரிசையில் பின்னால் நின்றார்கள்.

அவர்களைத் தேடிப் போனவர்களும் உண்டு. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட பின், கணவனையும் மகன்களையும் இழந்த பெண்கள் துஸ்லா நகரைச் சுற்றியிருந்த அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். ‘ஸ்னாகா ஷேனே’ என்ற பெண்கள் அமைப்பு அவர்களோடு வேலை செய்தது. 1999இல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட ‘எல்லைகளற்ற இசைக்கலைஞர்கள்’ அமைப்பு ஸ்னாகா ஷேனேயோடு கைகோத்தது. பெண்கள் கூடி உட்கார்ந்து பாடினார்கள். காதலையும் பிரிவையும் பாடும் ‘செவ்தலிங்கா’ பாடல் மரபு பொஸ்னியருக்குப் பல நூற்றாண்டுச் சொத்து. வெளியிலிருந்து வந்தவர்கள் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இசை தானாகவே நல்லது என்பது உண்மை அல்ல. பொஸ்னியாவின் ஒமார்ஸ்கா முகாமில் காவலர்கள் கைதிகளை அடித்து, எதிரியின் போர்ப்பாட்டுகளைப் பாடவைத்தார்கள். ருவாண்டாவில் சிமோன் பிகிண்டி என்ற புகழ்பெற்ற பாடகரின் பாடல்கள் இனவெறுப்புப் பிரசாரத்துக்கு வானொலியில் திரும்பத் திரும்ப ஒலித்தன. ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் போய்க் கொலைக்குத் தூண்டியதற்காக 2008இல் ருவாண்டாவுக்கான தீர்ப்பாயம் அவருக்கு 15 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அப்படிப்பட்ட இடங்களிலிருந்து மீண்ட ஒரு பெண்ணுக்கு ஒரு மெட்டு, ஒரு முரசொலி, ஓர் ஆணின் குரல் போதும், எல்லாம் மறுபடி கண்முன் வந்து நிற்கும். எந்தப் பாட்டு, யாருடைய குரல், எவ்வளவு சத்தம், எப்போது நிறுத்துவது என்ற முடிவு பாதிக்கப்பட்டவளின் கையில் இருக்க வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதியானது இதனால்தான்.

ருவாண்டாவில் 1994 இனப்படுகொலையின்போது குறைந்தது 2,50,000 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள் என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் 1996இல் கணக்கிட்டார். பத்தாண்டு கழித்து, 2004இல், தெற்கே புட்டாரே நகரில் நாடகக் கலைஞர் ஒடில் கட்டேசே ‘இங்கோமா ந்ஷியா’ என்ற பெண்கள் முரசுக் குழுவைத் தொடங்கினார். அரச முரசை ஆண்கள் மட்டுமே தொடலாம் என்பது அந்த நாட்டின் நெடுங்கால வழக்கம். அந்த முரசின் முன் விதவைகளும், அநாதைகளும், கொலை செய்தவர்களின் குடும்பத்துப் பெண்களும் ஒன்றாக நின்றார்கள். சிகிச்சை என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் இரண்டு தரப்புப் பெண்கள் ஒரே தாளத்தில் கை ஓங்கிய இடங்கள் அந்த நாட்டில் அப்போது அதிகம் இல்லை.

இலங்கையின் மட்டக்களப்பிலும் இப்படி ஒன்று நடந்ததை அமெரிக்க மானுடவியலாளர் பட்ரீஷியா லாரன்ஸ் 1990களில் களத்தில் இருந்து பதிவு செய்திருக்கிறார். பிள்ளை காணாமல் போனதை வாய்விட்டுச் சொல்ல முடியாத காலம் அது. தாய்மார் அம்மன் கோயில்களுக்குப் போனார்கள். உடுக்கும் பறையும் முழங்க, தெய்வமாடும் பெண்கள் வாக்குச் சொன்னார்கள். வெளியில் பேசக் கூடாததாக இருந்த துயரம் அங்கே பேசப்பட்டது. போர்க்காலத்தில் அந்தச் சடங்குகள் குறையவில்லை, பெருகின என்பது அவர் ஆய்வின் முக்கியமான செய்தி.

இத்தனை இழைகளும் ஒன்றாகச் சேர்ந்து முழுமையான ஒரு சிகிச்சை முறையாக உருவெடுத்த இடம் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கு எல்லையில், கிவு ஏரிக்கரையில் இருக்கும் புக்காவு நகரம்.

அங்கே பிறந்து வளர்ந்தவர் மகப்பேறு மருத்துவர் டெனிஸ் முக்வெகே. அவர் பணிபுரிந்த லெமேரா மருத்துவமனை 1996 அக்டோபரில் தாக்கப்பட்டது. நோயாளிகள் படுக்கையிலேயே கொல்லப்பட்டார்கள். 1999இல் அவர் புக்காவுவின் பன்ஸி பகுதியில் புதிய மருத்துவமனையைத் தொடங்கினார். பிரசவத்தில் தாய்மார் சாவதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் முதலில் வந்த நோயாளி பிரசவத்துக்கு வரவில்லை. ஆயுதம் தாங்கியவர்களால் வன்புணர்வு செய்யப்பட்டு, சுடப்பட்டு வந்தவர். பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். இன்றுவரை பல பத்தாயிரம் பெண்கள் அங்கே சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடியாமல் ஆக்கிவிடும் உள்ளுறுப்புக் கிழிசலைத் தைப்பதில் அந்த மருத்துவமனை உலகப் பெயர் பெற்றது.

தையல் ஆறியது. ஆனால் ஊருக்குத் திரும்பிய பெண்ணைக் கணவன் சேர்த்துக்கொள்ளவில்லை, இரவில் உறக்கம் வரவில்லை, குழந்தையைப் பார்த்தாலே நடுங்கியது. சிலர் மறுபடி தாக்கப்பட்டு மறுபடி வந்தார்கள். பன்ஸி இதிலிருந்து கற்றது நான்கு தூண் என்ற முறை. உடலுக்கு மருத்துவம், மனத்துக்கும் உறவுக்கும் துணை, வழக்குக்குச் சட்ட உதவி, வாழ்வுக்குத் தொழில். ஊர் திரும்ப முடியாதவர்கள் தங்கித் தையலும் எழுத்தும் பிற தொழில்களும் கற்க ‘மெய்சோன் டோர்காஸ்’ என்ற இல்லம் எழுந்தது. அந்த இல்லத்தில்தான் 2015இல் பாட்டுக்கூடம் வந்தது.

‘ஹீலிங் இன் ஹார்மனி’ என்று பெயரிடப்பட்ட இந்தத் திட்டத்தை, கனடாவில் டார்சி அட்டமான் தொடங்கிய ‘மேக் மியூசிக் மேட்டர்’ அமைப்பும் பன்ஸியும் சேர்ந்து நடத்தின. ஒரு குழுவுக்கு இரண்டு பேர் பொறுப்பு: ஒருவர் உளவியலாளர், இன்னொருவர் இசைத் தயாரிப்பாளர். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவதில் தொடங்குகிறது. சொல்ல முடிந்ததை மட்டும் சொல்கிறார்கள். சொன்னதிலிருந்து ஒரு வரி எழுகிறது. இன்னொருவர் அதற்கு ஒரு வரி சேர்க்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மெட்டு அவர்களுக்குப் பழகிய மெட்டு. தயாரிப்பாளர் கணினியில் தாளம் போட்டுக் கொடுக்கிறார். சில மாதங்களில் பாட்டு முழுமையாகிறது. காதில் ஹெட்போன் மாட்டி, முறையான ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிப் பதிவு செய்கிறார்கள். பிறகு அந்தப் பாட்டு ஊர்க்கச்சேரியில் பாடப்படுகிறது, வானொலியில் போகிறது.

திட்டத்தில் சேரும் ஒவ்வொருவரையும் ‘கலைஞர்’ என்றுதான் அழைக்கிறார்கள். பதிவை மெருகேற்றுவதில் எந்தக் குறையும் வைப்பதில்லை. தன் குரலை ஒலிபெருக்கியில் கேட்கும் பெண்ணுக்கு, அது பரிதாபத்துக்காகப் பதிவு செய்யப்பட்டது என்ற எண்ணம் வரக் கூடாது. அதே பாட்டை ஊரார் கேட்கும்போது அவள் ஒதுக்கப்பட வேண்டியவள் என்ற எண்ணமும் அசைகிறது. பாதிக்கப்பட்டவளின் வெட்கமும் ஊரின் ஏளனமும் ஒன்றையொன்று வளர்ப்பவை. இரண்டையும் சேர்த்துத் தொடுவதால்தான் இந்த முறை தனித்து நிற்கிறது.

பேச முடியாதவர் எப்படிப் பாடுகிறார்? 1996இல் வெளியான ஒரு மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், அதிர்ச்சி நினைவு திரும்பும்போது பேச்சை உருவாக்கும் ‘புரோக்கா’ பகுதியின் செயல்பாடு தணிவதை ஸ்காட் ரௌச்சும் பெசல் வான் டெர் கோல்க்கும் உள்ளிட்ட குழுவினர் கண்டார்கள். வாயடைத்துப் போவது நடிப்பு அல்ல, உடலில் நடப்பது. பாட்டோ மூளையின் பல பகுதிகளைச் சேர்த்து இயக்குகிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்த சிலர் பாட மட்டும் முடிகிறவர்களாக இருப்பது மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். பாடும்போது மூச்சு நீளமாக வெளியேறுகிறது. இதயத் துடிப்பு தணிகிறது. கூட்டாகப் பாடும்போது, ஒரு வரியில் குரல் உடைந்து நின்றுபோனாலும் மற்றவர்கள் அந்த வரியைத் தாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இது பலன் தருகிறதா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். தெற்குக் கிவுவின் கிராமப்புறத்தில் குழுக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கி, சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களோடு சிகிச்சை பெற்றவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. பதற்றம், மனச்சோர்வு, அதிர்ச்சிக்குப் பிந்தைய நெருக்கடி மூன்றுமே குறைந்திருந்தன. திட்டம் முடிந்த பின்னும் அந்தப் பலன் நீடித்தது. ஆய்வை நடத்தியவர்களில் காங்கோ நாட்டவரும் இருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

முக்வெகே இதற்குக் கொடுத்த விலை சிறிதல்ல. 2012 அக்டோபரில் அவர் வீட்டிலேயே அவரைக் கொல்ல முயன்றார்கள். அவர் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் போனார். கிவுப் பெண்கள் அன்னாசியும் வெங்காயமும் விற்ற காசைச் சேர்த்து, அவர் திரும்பிவர விமானச்சீட்டுக்கு என்று அனுப்பினார்கள். 2013 ஜனவரியில் அவர் திரும்பினார். 2018இல் அவருக்கும் யாசிதிப் பெண்ணான நாதியா முராதுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு சேர்ந்து வழங்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் எம்23 கிளர்ச்சிப் படை புக்காவு நகரைக் கைப்பற்றியது. புதிய போர், புதிய நோயாளிகள்.

ஈழத்தில் போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. அங்கே நடந்த பாலியல் வன்முறையை ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் உளவளத்துணையாளர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இராமநாதன் பெயராலும் மட்டக்களப்பில் விபுலாநந்தர் பெயராலும் இசை கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. இந்த இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து, பன்ஸி செய்ததைத் தம் மண்ணுக்கு ஏற்றபடி செய்து பார்க்க வேண்டும். பாதுகாப்பும் மருத்துவமும் சட்ட உதவியும் பிழைப்புக்கு வழியும் கூடவே இருக்க வேண்டும். பாட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது அந்தப் பெண்களை ஏமாற்றுவதாகும். பாடுவதா, எதைப் பாடுவது, யார் கேட்பது என்பதைப் பாடுகிறவளே முடிவு செய்ய வேண்டும். கில் வொன்-ஒக்கைப் போல எழுபது ஆண்டு காத்திருக்கும்படி இன்னொரு தலைமுறைப் பெண்களை விட்டுவிடக் கூடாது.